டைல்ஸ் கட்டரில் தண்ணீரும் கரண்டும்: கேள்வி பதில்

செங்கோட்டையில் குடியிருந்து, ஆரியங்காவு கணவாய்க்கு இந்தப் புறமும் அந்தப் புறமும் 22 ஆண்டுகளாக டைல்ஸ் பதித்து வருகிறேன். தென்மேற்குப் பருவமழை தொடங்கிவிட்ட நேரத்தில், தண்ணீர் ஊற்றி வெட்டும் கட்டரைப் பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி (புனலூரில் வேலை பார்க்கும் கொத்தனார்): அண்ணாச்சி, மேசைக் கட்டரின் தண்ணீர்த் தொட்டியைத் தொட்டால் லேசாக ஷாக் அடிக்கிறது. போர்டில் எம்.சி.பி. (கரண்டு அளவுக்கு மீறிப் பாய்ந்தால் தானாக விழும் ஸ்விட்ச்) இருக்கிறது, போதாதா?

பதில்: போதாது, தம்பி. இயந்திரத்தை உடனே நிறுத்தி, ப்ளக்கைப் பிடுங்கி, எலக்ட்ரீஷியன் பார்க்கும்வரை யாரையும் தொடவிடாதீர்கள். எம்.சி.பி. காப்பது வயரை, ஆளைக் காப்பது ஆர்.சி.சி.பி. என்ற, கரண்டு கசிந்தால் விழும் ஸ்விட்ச். போகிற கரண்டும் திரும்பி வருகிற கரண்டும் சமமாக இருக்கின்றனவா என்று அது பார்த்துக்கொண்டே இருக்கும். 30 மில்லி ஆம்பியர் அளவுக்குக் கசிந்தாலே இணைப்பைத் துண்டித்துவிடும். எம்.சி.பி. விழுவதற்கு அதைவிடப் பல மடங்கு கரண்டு பாய வேண்டும், அதற்குள் உயிர் போய்விடும். கட்டுமானம் முடியாத வீடுகளில் தற்காலிக லைனுக்கு எர்த் இருக்கிறதா என்று எவரும் கேட்பதில்லை என்பதால், நான் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. பொருத்திய எக்ஸ்டென்ஷன் பெட்டியைக் கையோடு கொண்டுபோகிறேன். தினமும் காலையில் அதன் டெஸ்ட் பட்டனை அழுத்தி, விழுகிறதா என்று பார்த்த பிறகே கட்டரைச் செருகுகிறேன். ஓர் ஆடி மாதம், மழைச்சாரல் அடித்த வராந்தாவில் வெறுங்காலோடு நின்று வெட்டிய என் உதவியாள் தொட்டியில் கை வைத்ததும் பின்னால் தூக்கி எறியப்பட்டான். அவன் பிழைத்தான். அந்தப் பெட்டியை நான் வாங்கியது மறுநாள்தான்.

இன்னொன்று, வயர் ப்ளக்கைவிடத் தாழ்வாகத் தொங்கி, பிறகு மேலேறி அதில் சேரும்படி விடுங்கள். வயரில் வழியும் நீர் தாழ்ந்த இடத்திலேயே சொட்டிவிடும்.

கேள்வி (புளியரை): கையில் பிடிக்கும் 4 இஞ்ச் கட்டரில், சித்தாள் பாட்டிலால் தண்ணீர் ஊற்ற ஊற்ற வெட்டுகிறோம். தவறா?

பதில்: தவறுதான். மோட்டாரைக் குளிர்விக்கக் காற்றை இழுக்கும் துளைகள் தெறிக்கும் நீரையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும். தண்ணீர்க் குழாய் வைத்தே தயாரிக்கப்பட்ட மாடலுக்கு மட்டும், அதன் குழாய் வழியாக மட்டும் நீர் விடுங்கள். நேர்வெட்டுக்குக் கரண்டே தேவையில்லாத கை கட்டர் போதும். கோடு கீறி அழுத்தினால் டைல் பிளந்துவிடும்.

கேள்வி (தென்மலை): கையுறை போடலாமா?

பதில்: டைல் தூக்கும்போது போடுங்கள், பிளேடு சுற்றும்போது துணிக் கையுறை வேண்டாம், ஒரு நூல் சிக்கினால் கையே உள்ளே போகும். தோளில் கிடக்கும் துண்டுக்கும் இதுவே பொருந்தும். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம்.

கேள்வி (பண்பொழியில் வீடு கட்டும் அம்மா): தண்ணீர் ஊற்றினால் சேறாகிறது என்று ஹாலிலேயே உலர்வாக வெட்டுகிறார்கள். அந்தத் தூசி கெடுதலா?

பதில்: மிகவும் கெடுதல், அம்மா. விட்ரிஃபைட் டைலிலும் கிரானைட்டிலும் சிலிக்கா உண்டு. அதன் தூசியில் கண்ணுக்குத் தெரியாத நுண்துகள்தான் நுரையீரலின் அடிவரை சென்று தங்கி, ஆண்டுக்கணக்கில் சிலிகோசிஸ் நோயை உண்டாக்குகிறது. வந்த பிறகு குணமாக்க மருந்து இல்லை. ஆகவே வெளியே நீர்விட்டு வெட்டச் சொல்லுங்கள், வெட்டுகிறவர் என்95 முகக்கவசம் அணியட்டும். கஞ்சி போல வழியும் அந்தச் சேற்றைக் காயவிட்டுப் பெருக்கினால் அதே தூசி மறுபடி எழும்பும். ஈரமாக இருக்கும்போதே வழித்தெடுத்துவிட வேண்டும். சாக்கடையில் கொட்டினால் அடியில் படிந்து குழாய் அடைபடும்.

கேள்வி (கடையநல்லூர்): வெட்டு முடியும் இடத்தில் ஓரம் சில்லு சில்லாக உடைகிறது. கதவு நிலைக்கு எல் வடிவம் வெட்டும்போது மூலை விண்டுபோகிறது.

பதில்: ஓரத்தில் பல் இல்லாத, முழு வளையமான டைமண்ட் பிளேடைப் போடுங்கள், பிளேடில் உள்ள அம்புக்குறி அது சுழலும் திசையை நோக்கியிருக்க வேண்டும், பிளேடு மாற்றுமுன் ப்ளக்கைப் பிடுங்கியிருக்க வேண்டும். முழு வேகம் வந்த பிறகே டைலைச் சேர்த்து, மோட்டார் ஓசை தாழாத அளவுக்கு மட்டும் தள்ளி, கடைசி ஒரு இஞ்சில் இன்னும் மெதுவாகப் போங்கள். அவசரப்பட்டுத் தள்ளினால் பிளேடு இறுகி டைல் எகிறும். பிளேடின் நேர்கோட்டிலிருந்து சற்று விலகி நிற்பதற்குக் காரணம் அதுவே. பிளேடு மழுங்கியதாகத் தோன்றினால் பழைய செங்கல்லை நீர்விட்டு இரண்டு மூன்று தரம் வெட்டுங்கள், புது டைமண்ட் வெளிப்படும். எல் வெட்டுக்கு மூலையில் முதலில் டைமண்ட் பிட்டால் சிறு துளை போட்டுவிட்டு, இரு பக்கத்திலிருந்தும் அந்தத் துளைவரை மட்டும் வெட்டுங்கள். வெட்டுக்குள் இருக்கும்போது டைலைத் திருப்பக் கூடாது.