ஜெர்பில் குட்டி போட்டுவிட்டது: யாரை, எப்போது பிரிப்பது?

“இரண்டும் பெண்” என்று கடையில் சொல்லித் தந்த ஜெர்பில் (எலி போன்ற சிறு செல்லப்பிராணி) ஜோடி ஐந்து குட்டி போட்டுவிட்டது, எப்படிப் பிரிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் அப்பாவைக் கவனியுங்கள். ஈன்ற சில மணி நேரத்திலேயே தாய் மறுபடி சினையாகலாம். அடுத்த ஈற்றுக்குச் சுமார் 25 நாள். பால் கொடுக்கும்போது இன்னும் தள்ளிப்போகும். அதனால் அப்பாவுக்கு இன்றே தனித் தொட்டி. தாயும் குட்டிகளும் இருக்கக் கம்பிக் கூண்டு வேண்டாம், குட்டிகள் இடுக்கில் நுழைந்துவிடும். கண்ணாடித் தொட்டி, வலை மூடி, தோண்டுவதற்கு ஒரு சாண் ஆழத்துக்குப் படுக்கைத்தூள். தண்ணீர்க் குழாய் குட்டிக்கு எட்டட்டும்.

ஐந்தாவது வாரம் வரை குட்டிகள் தாயோடு இருக்கட்டும். பிரிப்பது எட்டாவது வாரம் தாண்டக் கூடாது. வாலைத் தூக்கிப் பாருங்கள்: ஆணுக்குச் சிறுநீர்த் துளைக்கும் ஆசனவாய்க்கும் இடைவெளி அதிகம், வாலடியில் புடைப்பும் தெரியும். பெண்கள் தாயோடு, ஆண்கள் அப்பாவோடு.

ஆனால் அப்பா இதற்குள் மகன்களின் வாசனையை மறந்திருப்பார். நேராகப் போட்டால் ரத்தம்தான். தொட்டிக்கு நடுவே வலை வைத்து, அப்பாவை ஒரு பக்கமும் மகன்களை மறுபக்கமும் விட்டு, தினமும் இரண்டு மூன்று முறை அவர்களைப் பக்கம் மாற்றுங்கள். வலையருகே ஒட்டித் தூங்க ஆரம்பித்தால், அப்புறம் வலையை எடுக்கலாம். அன்று முழுக்கப் பக்கத்திலேயே இருங்கள், கையில் தடிமனான கையுறையோடு.