கேளுங்கள், சொல்கிறோம்: லேர்ன், ஸ்டடி

கேள்வி: எட்டாவது படிக்கும் மகள் 'லேர்ன்', 'ஸ்டடி' இரண்டுக்கும் 'படி' என்றே பொருள் எழுதுகிறாள். சரிதானா? (வாசகி, குடியாத்தம்)

பதில்: பாதிதான் சரி, அம்மா. ஸ்டடி என்பது உட்கார்ந்து படிக்கும் உழைப்பு. லேர்ன் என்பது அதனால் மனதில் தங்குவது. இரண்டு மணி நேரம் ஸ்டடி செய்தும் ஒன்றும் லேர்ன் ஆகாமல் போகலாம். ஊரீசு கல்லூரியில் வரலாறு படிக்கிறேன் என்றால் ஸ்டடி. சைக்கிள் விடக் கற்றேன் என்றால் லேர்ன் மட்டுமே.

லேர்னுக்கு 'தெரியவருதல்' என்ற பொருளும் உண்டு. காட்பாடிக்கு ரயில் தாமதம் என்று தெரிந்தது என்பதற்கு 'ஐ லேர்ன்ட் தட் த டிரெய்ன் வாஸ் லேட்' எனலாம். இங்கே 'படி' என்று எழுதினால் பொருளே கெடும்.

பிள்ளைகள் அதிகம் தவறுவது 'ஷி லேர்ன்ட் மீ இங்கிலிஷ்' என்பதில்தான். கற்றுக்கொள், கற்றுக்கொடு இரண்டிலும் 'கற்று' வருவதால் இந்தக் குழப்பம். கொடுப்பதற்கு 'டீச்', இறந்தகாலத்தில் 'டாட்'.

லேர்னின் இறந்தகாலத்துக்கு அமெரிக்காவில் ஈ-டீ (ed) சேர்ப்பார்கள். பிரிட்டனில் learned, learnt என இரு வடிவமும் செல்லும். அதே ஈ-டீ வடிவம் 'கல்வி நிறைந்த' என்ற பொருளில் வந்தால் 'லேர்-னிட்' என இரண்டு அசையாக ஒலிக்க வேண்டும். நீதிமன்றத்தில் வழக்கறிஞர்கள் 'மை லேர்னிட் ஃபிரெண்ட்' என்பது அதுதான்.