நுவரெலியாவில் கணினி இரைச்சல்: முதலில் விசிறியைப் பாருங்கள்

தங்கச்சி இரவில் படிக்க முடியாத அளவுக்குக் கணினி இரைகிறது, இரண்டு மாதமாகக் கூடிவிட்டது என்று எழுதியிருந்தீர்கள். கரண்டை நிறுத்திவிட்டுப் பக்கத் தகட்டைக் கழற்றிப் பாருங்கள். நம் பக்கத்து ஈரக்காற்றில் தூசி விசிறி இதழ்களில் பசைபோல ஒட்டிக்கொள்ளும். ஊதினால் போகாது, மெல்லிய தூரிகையால்தான் எடுக்க வேண்டும். விசிறி சுழலாமல் விரலால் பிடித்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் பயோஸில் (கணினி தொடங்கும்போது திறக்கக்கூடிய அடிப்படை அமைப்புத் திரை) விசிறி வேகத்தைக் குறையுங்கள். நுவரெலியாவின் சராசரி வெப்பம் சுமார் 16 பாகைதான், கொழும்பில் 27. இந்தக் குளிருக்கு அவ்வளவு வேகம் தேவையில்லை. கணினியின் மூளையான சிபியு 80 பாகையைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டால் சரி.

பலகை மேசையும் அதிர்வைக் கூட்டும். பழைய ரப்பர் செருப்பை நான்கு துண்டாக வெட்டிப் பெட்டிக்கு அடியில் வையுங்கள்; எங்கள் வீட்டில் பாதிச் சத்தம் அதிலேயே அடங்கியது. சுத்தம் செய்த பிறகும் விசிறி கரகரத்தால் அதன் அச்சைத் தாங்கிச் சுழலவிடும் பேரிங் தேய்ந்திருக்கும், விசிறியை மாற்றத்தான் வேண்டும்.