நாய்க்கு உணவு தேடும் பொம்மை: பரணில் தேடினாலே போதும்

வேலைக்குப் போய் வருவதற்குள் நாய் செருப்பையும் சோபாவையும் குதறி வைக்கிறது, உணவைத் தேடித் தின்னும் பொம்மைகளை வீட்டிலேயே செய்யலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஃபிளாட்டில்தான் இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். காலையில் அவசரமாக ஒரு நடை, அப்புறம் சாயங்காலம் வரை நாலு சுவர். குதறாமல் வேறு என்ன செய்யும்?

தாராளமாகச் செய்யலாம். எங்கள் நாயின் பெயர் பூரி, தெருவிலிருந்து எடுத்து வளர்த்த நாட்டு நாய். தட்டில் வைத்தால் நொடியில் தின்று முடித்துவிட்டு, கதவு நிலையைக் கடிக்கப் போய்விடும். நான்ஸ்டிக் வந்த பிறகு பரணில் கிடந்த இரும்புக் குழிப்பணியாரக் கல்லை இறக்கினேன். குழிகளில் கொஞ்சம் உலர் உணவு, சிலவற்றில் வெந்த கோழித் துணுக்கு, மேலே குழிக்கொரு பழைய டென்னிஸ் பந்து. கல் கனமானது என்பதால் கவிழ்க்க முடியாது. முதலில் பந்தைக் கவ்விக்கொண்டு ஹாலைச் சுற்றி வந்தது. இப்போது கோழி இருக்கும் குழிக்கே நேராகப் போகிறது. நாயின் மூக்கில் மோப்ப ஏற்பிகள் 20 கோடிக்கு மேல், நமக்கு ஐம்பது, அறுபது லட்சம்தான். அந்த மூக்கை வைத்துக்கொண்டு நாள் முழுக்கச் சும்மா படுத்திருக்கச் சொல்கிறோம்.

"வாயில்லா ஜீவன், தட்டுல போட்டாத் தின்னுட்டுப் போகுது. அதை எதுக்குடா அலைய விடுறே?" என்றார் அம்மா. இங்கேயும் யாராவது இதைக் கொடுமை என்று எழுதுவார்கள். ஐயா, நான் பட்டினி போடவில்லை. அன்றைய அளவில் ஒரு கவளமும் குறையவில்லை. பரணைத் திறந்தாலே அது போடும் ஆட்டத்தை வந்து பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

பழைய வேட்டியில் தீனியைச் சுருட்டி வைக்கலாம். பார்சல் அட்டைப் பெட்டியில் டேப்பையும் பின்னையும் எடுத்துவிட்டு, கசக்கிய செய்தித்தாளுக்குள் ஒளிக்கலாம். தாளையே விழுங்கும் நாய் என்றால் அது வேண்டாம்.

ஆனால் இவற்றையெல்லாம் உங்கள் கண் முன்னால்தான் கொடுக்க வேண்டும். கிளம்புவதற்கு அரை மணி முன்பு கொடுத்தால், களைத்துத் தூங்கிவிடும். நீங்கள் இல்லாத நேரத்துக்கு, அதன் வாய்க்கு ஏற்ற அளவில் கெட்டியான ரப்பர் பொம்மை ஒன்றை மட்டும் காசு கொடுத்து வாங்குங்கள். உப்பில்லாத தயிர்சாதத்தை உள்ளே அடைத்து ஃப்ரீசரில் வைத்துக் கொடுத்தால் வெகுநேரம் நக்கும். இப்படி அடைத்துக் கொடுக்கும் பிரபலமான காங் ரப்பர் பொம்மைகூட, 1970களில் அமெரிக்காவில் ஜோ மார்க்கம் என்பவரின் நாய் கல்லைக் கடிப்பதை விட்டுவிட்டு ஃபோக்ஸ்வேகன் வண்டியின் ரப்பர் பாகத்தைக் கடித்ததில் பிறந்ததுதான்.

பிரியாணி மிச்சத்தை அடைத்துவிடாதீர்கள். வெங்காயம், பூண்டு, திராட்சை, சாக்லேட் எல்லாம் நாய்க்கு விஷம். வேர்க்கடலை வெண்ணெய் அடைப்பதென்றால், அதில் சைலிட்டால் (சர்க்கரைக்குப் பதில் சேர்க்கும் இனிப்பு, இதுவும் நாய்க்கு விஷம்) இருக்கிறதா என்று லேபிளைப் பாருங்கள். நீங்கள் கதவைச் சாத்தியதுமே ஊளையிட்டு, கதவைப் பிறாண்டுகிறது என்றால் அது பொம்மையால் தீராது, கால்நடை மருத்துவரிடம் போங்கள்.

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், இருந்தாலும் சொல்கிறேன். எங்கள் குடியிருப்பில் நாய்க்கு லிஃப்ட் கிடையாது என்று நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள். அப்படித் தடுக்கக் கூடாது என்று இந்திய விலங்குகள் நல வாரியம் 2015-லேயே சொல்லிவிட்டது. அச்செடுத்துக் கொடுத்தேன். "நாய் படியேறினா உடம்புக்கு நல்லதுதானே சார்" என்கிறார் செயலாளர். ஐந்து மாடி! அவர் முதல் மாடிக்கே லிஃப்டில்தான் போகிறார்.