கேளுங்கோ, சொல்லுறம்: இடம் இருக்கெண்டு வியோஸ் சொல்லுது, இல்லையெண்டு பார்ட்டிஷன் சொல்லுது!

இந்த முறை வந்த கேள்வியள் கனக்க ஐபிஎம் பவர் சேர்வர் ஸ்டோரேஜ் பற்றித்தான், அதால மற்ற கேள்வியளை அடுத்த இதழுக்குத் தள்ளியாச்சு, குறை நினைக்காதேங்கோ. பார்ட்டிஷன் எண்டது ஒரு சேர்வரை வெட்டின துண்டு, ஒவ்வொண்டும் தனி மெஷின் மாதிரி ஓடும். வியோஸ் எண்டது உண்மையான டிஸ்க்கை வச்சுக்கொண்டு மற்றதுக்குப் பங்கு போட்டுக் குடுக்கிற பார்ட்டிஷன், அதிட்ட வாங்கிறது கிளையன்ட். கொமாண்ட் பேரெல்லாம் வாயால சொல்லுற மாதிரி எழுதியிருக்கு. டைப் பண்ண முதல் ஹெல்ப் பக்கத்தை ஒருக்கா பாருங்கோ.

கேள்வி: எங்கட ஃபினான்ஸ் கொம்பனியில ஒரு பவர் சேர்வர், அதில மூண்டு ஏஐஎக்ஸ் (ஐபிஎம்மின்ர யுனிக்ஸ்) பார்ட்டிஷன் ஓடுது, டிஸ்க் எல்லாம் வியோஸ்ல இருந்து வருது. டேட்டாபேஸ் பார்ட்டிஷன் 95 வீதம் நிரம்பிட்டுது. வியோஸ்ல பார்த்தா சும்மா கிடக்கிற டிஸ்க் இருக்கிற மாதிரித் தெரியுது. நிப்பாட்டாமல் கூட்டலாமோ? இதை செட் பண்ணின அண்ணை கனடா போயிட்டார், ஒரு பேப்பரும் இல்லை. (வெள்ளவத்தை வாசகர்)

பதில்: கூட்டலாம், அனேகமா நிப்பாட்டாமலே கூட்டலாம். ஆனா "சும்மா கிடக்கிற மாதிரித் தெரியுது" எண்டு எழுதியிருக்கிறீங்களே, அந்த இடத்திலதான் எனக்குப் பயம்.

வெள்ளவத்தையில ஒரு வீட்டை மூண்டு அனெக்ஸா பிரிச்சு வாடகைக்குக் குடுத்துட்டு மேல இருக்கிற தண்ணி டாங்கை மட்டும் வீட்டுக்காரர் தன்ர கையில வச்சிருப்பார் தானே, வியோஸ் அந்த வீட்டுக்காரர்தான். உண்மையான டிஸ்க்கும் அடாப்டரும் அதிட்ட, உங்கட ஏஐஎக்ஸ் பார்க்கிற எச்டிஸ்க்1 பைப்பால வாற தண்ணி மட்டும்தான். அந்தப் பைப்புக்குப் பின்னால மூண்டுல ஒண்டு இருக்கலாம்: ஸ்டோரேஜ் பொக்ஸ்ல இருந்து வந்த முழு லன் (பொக்ஸ் ஒரு டிஸ்க் மாதிரிக் காட்டுற துண்டு) ஒண்டு, வியோஸ்ல டிஸ்க்கில இருந்து வெட்டின லொஜிக்கல் வொல்யூம் (சுருக்கமா எல்வி) ஒண்டு, இல்லாட்டி ஒரு ஃபைல். எதெண்டு தெரியாமல் கையை வைக்கக் கூடாது.

முதல் வேலை, டேட்டாபேஸ் பார்ட்டிஷனுக்குள்ள போய் எல்எஸ்சிஎஃப்ஜி கொமாண்ட்டை அந்த எச்டிஸ்க் பேரோட குடுங்கோ, லொகேஷன் கோட் ஒண்டு வரும். அதில வி எண்ட எழுத்துக்குப் பிறகு வாற நம்பர் பார்ட்டிஷன் ஐடி, சி க்குப் பிறகு வாறது வேர்ச்சுவல் ஸ்லொட், கடைசியில எல் போட்டு 81 எண்டோ 82 எண்டோ தொடங்கி நீட்டுக்கு சைபர் வரும், அதுதான் லன் நம்பர். அதைத் துண்டில எழுதிக்கொண்டு வியோஸ்ல பிஅட்மின் எண்ட அட்மின் யூசரா லொகின் பண்ணி எல்எஸ்மேப் கொமாண்ட்டை ஓல் ஒப்ஷனோட அடியுங்கோ. ஒவ்வொரு விஹோஸ்டுக்கும் (கிளையன்ட்டுக்கு டிஸ்க் குடுக்கிற வேர்ச்சுவல் அடாப்டர்) கீழ கிளையன்ட் பார்ட்டிஷன் ஐடி, விடிடி (வேர்ச்சுவல் டார்கெட் டிவைஸ்), லன், பெக்கிங் டிவைஸ் எண்டு வரிசையா வரும். பார்ட்டிஷன் ஐடி அங்க ஹெக்ஸ்ல இருக்கும், 10ஆவது பார்ட்டிஷன் எண்டா ஏ எண்டு காட்டும், அதில தடுமாறாதேங்கோ. உங்கட துண்டில இருக்கிற பார்ட்டிஷன் ஐடியும் லன் நம்பரும் இங்க இருக்கிறதோட பொருந்தினா, அதுக்குக் கீழ பெக்கிங் டிவைஸ் எண்டு நிக்கிறதுதான் உங்கட உண்மையான டிஸ்க்.

பெக்கிங் டிவைஸ் லொஜிக்கல் வொல்யூம் எண்டா வேலை சுகம். வியோஸ்ல எக்ஸ்டெண்ட்எல்வி குடுத்து 20ஜி எண்டு போட்டா இருக்கிறதோட 20 ஜிபி கூடும் (மொத்தம் 20 ஆகாது, கூட்டித்தான் போடும்), பேந்து ஏஐஎக்ஸ் பக்கம் சிஎச்விஜி கொமாண்ட்டை ஜி ஒப்ஷனோட குடுத்தா வொல்யூம் குரூப் (டிஸ்க்கைச் சேர்த்து வச்சிருக்கிற கூட்டம்) புது சைஸைப் பிடிக்கும், அதுக்குப் பிறகு ஃபைல் சிஸ்டத்தைக் கூட்டலாம். கூட்டேக்க எந்த டிஸ்க்ல இருந்து எடுக்கோணும் எண்டு டிஸ்க் பேரையும் சேர்த்துக் குடுங்கோ, இல்லாட்டி ஒரே எல்வி ரெண்டு டிஸ்க்ல பரவிப் போய் நிண்டிடும், பிறகு அதில ஒண்டு பழுதானா முழுக்கப் போச்சு. ஒருக்கா கூட்டினதை அதே வழியால திருப்பிக் குறைக்க ஏலாது, அதால ஆசைக்கு 200 ஜிபி அள்ளிக் குடுக்காதேங்கோ.

லன் எண்டா ஸ்டோரேஜ் பொக்ஸ்லதான் கூட்டோணும், பேந்து வியோஸ்ல புது சைஸ் தெரியுதோ எண்டு பார்த்து அதே சிஎச்விஜி. பழைய ஸ்டாண்டர்ட் வொல்யூம் குரூப் எண்டா ஒரு டிஸ்க்குக்கு 1016 பிசிக்கல் பார்ட்டிஷன் (டிஸ்க்கை வெட்டுற சின்னத் துண்டு, மேல சொன்ன பார்ட்டிஷன் இல்லை) எண்ட லிமிட் இடிக்கும், அப்ப பிழை மெசேஜ் வரும், டி ஒப்ஷனால அந்த ஃபெக்டரைக் கூட்டலாம்.

இப்ப பயத்துக்கு வாறன். வியோஸ்ல டிஸ்க் பட்டியல் காட்டுற எல்எஸ்பிவி அடிச்சா சில டிஸ்க்குக்கு நேர வொல்யூம் குரூப் இடத்தில நன், அதாவது ஒண்டுமில்லை எண்டு நிக்கும். அது சும்மா கிடக்கு எண்டு அர்த்தமில்லை! முழு லன்னா ஒரு கிளையன்ட்டுக்குக் குடுத்த டிஸ்க்கும் வியோஸ்ல நன் எண்டுதான் நிக்கும், ஏனெண்டா வொல்யூம் குரூப் கிளையன்ட்டின்ர, வியோஸின்ர இல்லை. ஃப்ரீ ஒப்ஷனோட அடிச்சாத்தான் மேப் ஆகாத டிஸ்க் மட்டும் வரும். அதுவும் ரெண்டு வியோஸ் வச்சிருக்கிற இடமெண்டா, முதலாவது வியோஸ் குடுத்திட்ட டிஸ்க்கை ரெண்டாவது வியோஸ் ஃப்ரீ எண்டு காட்டலாம், அதுக்குப் பக்கத்து வியோஸின்ர கணக்கு தெரியாது. அதை நம்பி அந்த டிஸ்க்ல புது வொல்யூம் குரூப் போட்டா பேரோல் இருந்த இடத்தில பேரோல் இருக்காது.

ரூட்விஜியில (வியோஸ் தானே இன்ஸ்டோல் ஆகியிருக்கிற வொல்யூம் குரூப்) இடம் கிடக்கு, அதில வெட்டிக் குடுப்பம் எண்டும் யோசிக்காதேங்கோ. அது வியோஸின்ர சொந்த உயிர். திருப்பி இன்ஸ்டோல் பண்ண வேண்டி வந்தா கிளையன்ட் டிஸ்க்கும் சேர்ந்து போகும். ஆனா புதுசா இன்ஸ்டோல் பண்ணின வியோஸ்ல டிஃபோல்ட் ஸ்டோரேஜ் பூல் (எல்வி வெட்டி எடுக்கிற இடம்) ரூட்விஜிதான், பேர் குடுக்காமல் வெட்டினா நேர அதுக்குள்ள போய் விழும்.

கேள்வி: டெஸ்ட் பார்ட்டிஷன் ஒண்டை எச்எம்சில (பார்ட்டிஷனை நிர்வகிக்கிற கொன்சோல்) டிலீட் பண்ணினம். வியோஸ்ல இடம் திரும்பி வரேல்லை. ஏன் அண்ணை? (தெஹிவளை வாசகி)

பதில்: பார்ட்டிஷன் எண்டது சிபியு, மெமரி, ஸ்லொட் எல்லாம் எழுதின ஒரு ப்ரொஃபைல் தங்கச்சி. அதை அழிச்சா டிஸ்க்கும் தானா அழியும் எண்டு நம்ப ஏலாது. எல்எஸ்மேப் அடிச்சுப் பாருங்கோ, அந்த எல்வி அனாதையா ஒரு விஹோஸ்ட்ல தொங்கிக்கொண்டு நிக்கும், இல்லாட்டி விஹோஸ்டுக்குக் கீழ வேர்ச்சுவல் டார்கெட் டிவைஸ் ஒண்டும் இல்லை எண்டு பெரிய எழுத்தில வரும், எல்வி மட்டும் தனிய பூலுக்குள்ள கிடக்கும்.

கழட்டுற ஒழுங்கு எப்பவும் கிளையன்ட் பக்கத்தில இருந்து தொடங்கோணும்: ஃபைல் சிஸ்டத்தை அன்மவுண்ட் பண்ணி, வொல்யூம் குரூப்பில இருந்து டிஸ்க்கை எடுத்து, எச்டிஸ்க்கை ஆர்எம்டெவ்வால அழிச்சுப்போட்டுத்தான் வியோஸ்க்கு வரோணும். வியோஸ்ல ரெண்டு கொமாண்ட் இருக்கு, ரெண்டையும் மாத்திப் போட்டிடாதேங்கோ. ஆர்எம்விடெவ் மேப்பிங்கை மட்டும் கழட்டும், எல்வி அப்பிடியே இருக்கும், திருப்பி மேப் பண்ணினா டேட்டா வரும். ஆர்எம்பிடிஎஸ்பி எண்டது பெக்கிங் டிவைஸையும் சேர்த்து அழிச்சுவிடும், சேவ்பிடி ஒப்ஷன் போட்டாத்தான் விட்டு வைக்கும். எனக்கெண்டா எப்பவும் முதல்ல ஆர்எம்விடெவ்தான். ஒரு கிழமை விட்டு, ஒருத்தரும் "எங்கட டேட்டா எங்க" எண்டு கோல் எடுக்கேல்லை எண்டாப் பிறகு எல்வியை அழிக்கிறது.

அழிச்ச எல்வியில டேட்டா இன்னும் கிடக்கும், எல்வியை நிர்வகிக்கிற எல்விஎம் அதைச் சைபரால துடைக்காது. அதே இடத்தில புது எல்வி வெட்டி வேற கிளையன்ட்டுக்குக் குடுத்தா, சில நேரம் அந்தக் கிளையன்ட்டுக்குப் பழைய பிவிஐடி (டிஸ்க்கின்ர அடையாள நம்பர்) கூடத் தெரியும். கஸ்டமர் விபரம் இருந்த டிஸ்க் எண்டா கழட்ட முதலே கிளையன்ட்ல இருந்து டிடி கொமாண்ட் போட்டு முழுக்க மேல எழுதிவிடுங்கோ. 2022ஆம் ஆண்டு 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் எங்கட நாட்டில வந்திட்டுது, டெஸ்ட் சேர்வர்தானே எண்டு விட்டுப்போட்டு இருக்க ஏலாது. டெஸ்ட் சேர்வர்லதான் புரொடக்ஷன் டேட்டாவின்ர கொப்பி எப்பவும் கிடக்கும்!

கேள்வி: ஐபிஎம் ஐ (ஐபிஎம்மின்ர இன்னொரு ஒப்பரேட்டிங் சிஸ்டம்) பார்ட்டிஷனுக்கு வியோஸ்ல இருந்து 100 ஜிபி டிஸ்க் குடுத்தம், உள்ளுக்கு 89 க்குக் கிட்டத்தான் காட்டுது. மிச்சத்தை யார் தின்றது? (கொட்டாஞ்சேனை)

பதில்: ஒருத்தரும் தின்னேல்லை. ஐபிஎம் ஐ பழைய ஏஎஸ்400 காலத்தில இருந்து 520 பைட் செக்டர் பாவிக்கிறது, 512 பைட் டேட்டா, 8 பைட் ஹெடர். வியோஸ் குடுக்கிறது 512 பைட் செக்டர். அந்த ஹெடரை வைக்க இடமில்லாததால 8 செக்டருக்குரிய விஷயத்தை 9 செக்டர்ல எழுதுது, ஒன்பதில ஒண்டு போச்சு. 100 ஐ ஒன்பதால பிரிச்சு எட்டால பெருக்குங்கோ, 88.9 வரும். இனிமேல் கேட்கேக்க அந்தக் கணக்கைச் சேர்த்துக் கேளுங்கோ, 100 உள்ளுக்கு வேணுமெண்டா 112.5.

கேள்வி: ரெண்டு வியோஸ் போட்டிருக்கிறம். போன மாசம் அப்டேட்டுக்காக முதலாவதை ரீபூட் பண்ணினம், கிளையன்ட் எல்லாம் ஓடினது. அடுத்த நாள் ரெண்டாவதை ரீபூட் பண்ண எல்லாம் விழுந்திட்டுது. ரெண்டு வியோஸ் எண்டா விழாது எண்டுதானே சொன்னவை? (பம்பலப்பிட்டி)

பதில்: முதலாவது வியோஸ் திரும்பி வந்தது, ஆனா கிளையன்ட் அதைப் பார்க்கேல்லை, கதை அவ்வளவுதான். லன்னை ரெண்டு வியோஸாலயும் குடுத்து எம்பிஐஓ (ஒரே டிஸ்க்குக்குப் பல வழி வைக்கிற முறை) பாவிச்சா கிளையன்ட்ல ரெண்டு பாத் இருக்கும். ஒரு பாத் செத்தாப் பிறகு அது உயிரோட வந்திட்டுதோ எண்டு பார்க்கிறது எச்செக் இன்டர்வெல் எண்ட செட்டிங். கனக்க இடத்தில அது 0 இலேயே விட்டிருக்கும், 0 எண்டா பார்க்கவே மாட்டன் எண்டு அர்த்தம். ஒவ்வொரு கிளையன்ட் எச்டிஸ்க்குக்கும் அதை 60 ஆக்குங்கோ. எல்எஸ்பாத் அடிச்சு ரெண்டு பாத்தும் எனேபிள்ட் எண்டு கண்ணால கண்டாப் பிறகுதான் மற்ற வியோஸைத் தொடோணும்.

ரெண்டு வியோஸ்லயும் அந்த டிஸ்க்குக்கு ரிசர்வ் பொலிசியை நோ ரிசர்வ் எண்டு மேப் பண்ண முதலே மாத்தியிருக்கோணும், இல்லாட்டி முதல்ல பிடிச்ச வியோஸ் விடாது. எச்டிஸ்க் நம்பரையும் நம்பாதேங்கோ, இங்க எச்டிஸ்க்5 எண்டது அங்க எச்டிஸ்க்7 ஆ இருக்கும், யுனிக் ஐடியைப் பார்த்துத்தான் சோடி சேர்க்கோணும்.

லொஜிக்கல் வொல்யூமாக் குடுத்திருந்தா இது வேற கதை. ஒரு எல்வியை ஒரு வியோஸாலதான் குடுக்கலாம், அதால ரெண்டு வியோஸ்ல இருந்தும் ஒவ்வொரு டிஸ்க் எடுத்து கிளையன்ட்ல மிரர் பண்ணியிருப்பீங்கள். ஒரு வியோஸ் விழுந்து எழும்பினா அந்தப் பக்கக் கொப்பி ஸ்டேல் ஆகி, அதாவது பழசாகி நிக்கும், வேரிஒன்விஜியும் சிங்க்விஜியும் குடுத்து சிங்க் முடியும் மட்டும் காத்திருக்கோணும். சிங்க் முடிய முதல் மற்றதை ரீபூட் பண்ணினா உங்களுக்கு நடந்தது நடக்கும்.

கேள்வி: ஒரே விஹோஸ்ட்ல எத்தினை டிஸ்க் தொங்கவிடலாம்? (மட்டக்குளி)

பதில்: கியூ டெப்த்தைப் (ஒரு டிஸ்க்குக்கு ஒரே நேரத்தில அனுப்பக்கூடிய கொமாண்ட் எண்ணிக்கை) பொறுத்தது. ஒரு விஸ்கசி அடாப்டருக்கு (கிளையன்ட் பக்கத்தில விஹோஸ்டின்ர சோடி) 512 கொமாண்ட் இடம், அதில 2 அடாப்டருக்கு, மிச்சம் 510. ஒவ்வொரு டிஸ்க்கும் தன்ர கியூ டெப்த்தோட 3 கூட எடுக்கும். டிஃபோல்ட் டெப்த் 3 எண்டா 510 ஐ 6 ஆல பிரிச்சு 85 டிஸ்க், 20 ஆக்கினா 22 டிஸ்க்தான். டேட்டாபேஸ் ஸ்லோ எண்டு முறையிடுற கனபேர் அந்த 3 ஐ மாத்தாமலே புது ஸ்டோரேஜ் வாங்கக் கொட்டேஷன் கேட்கினம்.

கேள்வி: வியோஸ்ல பெக்கப்ஐஓஎஸ் கொமாண்ட் ஒவ்வொரு கிழமையும் ஓடுது. கிளையன்ட் டேட்டாவும் அதுக்குள்ள வரும் தானே? (கொம்பனித்தெரு)

பதில்: வராது, வராது. அது வியோஸின்ர ரூட்விஜியை எடுக்கும், கிளையன்ட் டிஸ்க்குக்குள்ள இருக்கிற ஒரு பைட்டும் வராது. மேப்பிங்கை மட்டும் காப்பாத்த வியோஸ்பிஆர் இருக்கு, டிஸ்க் கூட்டிக் குறைச்ச ஒவ்வொரு முறையும் அதை ஓடவிட்டு ஃபைலை வேற மெஷினுக்குக் கொப்பி பண்ணுங்கோ, வியோஸுக்குள்ளயே வச்சிருந்து பிரயோசனமில்லை. கிளையன்ட்டுக்கு எம்கேசிஸ்பி (ஏஐஎக்ஸ் சிஸ்டம் பெக்கப்) தனிய, டேட்டாபேஸ் பெக்கப் தனிய, அதில ஒரு கொப்பியாவது நெட்வேர்க்கில தொடாமல் வெளியில. 2023இல லங்கா கவர்ன்மென்ட் கிளவுட்டை ரான்சம்வேர் அடிச்சு, மே 17 இல இருந்து ஓகஸ்ட் 26 வரையான அரசாங்க மெயில் போனது ஞாபகம் இருக்குத்தானே, ஒன்லைன்ல இருந்த பெக்கப்பும் அதோட சேர்ந்துதான் போனது.

கேள்வி: கம்பஸ்ல படிக்கிறன், பவர் சேர்வர் கண்ணாலயும் கண்டதில்லை. வீட்டு லப்டொப்பில இதெல்லாம் பழகலாமா? (மருதானை)

பதில்: வியோஸ் கொமாண்ட் பழக ஏலாது, ஆனா விஷயத்தைப் பழகலாம். லினக்ஸ்ல எல்விஎம் போட்டு ஒரு எல்வி வெட்டி, அதைக் கேவிஎம் வேர்ச்சுவல் மெஷின் ஒண்டுக்கு டிஸ்க்காக் குடுங்கோ. வெளியில எல்வியைக் கூட்டி, உள்ளுக்கு ரீஸ்கேன் பண்ணி, பிவிரிசைஸ் குடுத்து ஃபைல் சிஸ்டம் வரை கொண்டு போங்கோ. பேந்து நாலு டிஸ்க் குடுத்து, எந்த உள் டிஸ்க் எந்த வெளி எல்வி எண்டு பேர் பார்க்காமல் கண்டுபிடிக்கப் பாருங்கோ. 8 ஜிபி ரேம் இருந்தாக் காணும்.