சைலன்சர் பெயின்ட் ஏன் உரிகிறது?

கேள்வி: பைக்கின் பெண்ட் பைப்புக்கு (எஞ்சினிலிருந்து சைலன்சருக்குப் போகும் வளைந்த குழாய்) 600 டிகிரி தாங்கும் என்று போட்டிருந்த கருப்பு ஸ்ப்ரே அடித்தேன். சில நாளிலேயே எஞ்சினை ஒட்டிய பகுதி கொப்பளித்து உரிந்துவிட்டது. பின்பகுதி நன்றாக இருக்கிறது. பெயின்ட் போலியா?
– வாசகர், தூத்துக்குடி

பதில்: போலி என்று முடிவுகட்ட வேண்டாம். பின்பகுதியில் அதே பெயின்ட் நிற்கிறதே! எஞ்சின் வாயிலிருந்து முதல் ஒரு அடிதான் மிக அதிகமாகச் சுடும் இடம். செய்த தவறு அங்கேதான் முதலில் வெளிப்படும். இந்தப் பெயின்டுகள் சிலிக்கோன் பிசினால் ஆனவை. காற்றில் தொட்டுப் பார்க்கும் அளவுக்குக் காயும், ஆனால் 200 டிகிரியை ஒட்டிச் சூடேறினால்தான் இறுகிப் பிடிக்கும். அதற்குள் வண்டியை முறுக்கி ஓட்டினால் படலத்துக்குள் சிக்கிய தின்னர் ஆவியாகிக் கொப்பளிக்கும். கனமாக அடித்திருந்தால் இன்னும் மோசம்.

மறுபடி செய்யும்போது பைப்பைக் கழற்றிவிடுங்கள். 80 நம்பர் உப்புத்தாள், பிறகு 120 போட்டு வெறும் இரும்பு தெரியும்வரை தேயுங்கள். குழித் துரு இருந்தால் மணல் வீச்சுதான் (சாண்ட் பிளாஸ்டிங்) சரி. பட்டி, ரெட் ஆக்சைடு இரண்டும் கூடவே கூடாது. அவை அடியில் கருகி மேல் பூச்சையும் தூக்கிவிடும். தின்னரில் நனைத்த சுத்தமான துணியால் துடைத்தபின் வெறுங்கை படக்கூடாது. உங்களூர் உப்புக்காற்றில் வெறும் இரும்பு ஓரிரவிலேயே துருப் பிடிக்கும், அதனால் தேய்த்த அன்றே அடித்துவிடுங்கள். ஒரு சாண் தூரத்திலிருந்து மெல்லிதாக மூன்று கோட், இடையில் 10 முதல் 15 நிமிடம். ஓர் இரவு காயட்டும்.

பிறகு சூடேற்றுவது. 120, 200, 300 டிகிரியில் அரை மணி நேரம் வீதம், ஒவ்வொன்றுக்கும் நடுவே முழுதாக ஆறவிட்டு. டப்பாவில் வேறு கணக்கு இருந்தால் அதையே பின்பற்றுங்கள். பவுடர் கோட்டிங் பட்டறை அடுப்பு பெரும்பாலும் 200 சுற்றில் நின்றுவிடும். மிச்சத்தை வண்டியிலேயே முடிக்கலாம். திறந்தவெளியில் 10 நிமிடம் ஐடிலில் ஓடவிட்டு ஆறவையுங்கள், அடுத்து 20 நிமிடம். காற்றால் குளிரும் எஞ்சினுக்கு முன்னால் மின்விசிறி கட்டாயம். புகை வரும், வாடையும் வரும், அது இயல்பு. மூன்றாவதாக அரை மணி நேரம் நிதானமாக ஓட்டுங்கள். அதுவரை பெட்ரோல் சொட்டினால் பெயின்ட் கரைந்துவிடும்.

கேள்வி: குரோம் பைப் நீலமாகிவிட்டது. அதன் மேலேயே அடிக்கலாமா?
– வாசகர், கோவை

பதில்: வேண்டாம். வழவழப்பான குரோமில் பெயின்ட் பிடிக்காது. மணல் வீச்சில் சொரசொரப்பாக்கிய பிறகே அடிக்க வேண்டும். அதற்கு முன் காரணத்தைப் பாருங்கள். புதிதாக நீலம் ஏறினால், மிக்ஸர் லீனாக (காற்றோடு சேரும் பெட்ரோல் குறைவாக) இருக்கலாம், இக்னிஷன் டைமிங் (பிளக் தீப்பொறி விடும் நேரம்) பிந்தியிருக்கலாம், சைலன்சர் கேஸ்கெட் கசியலாம். அவற்றைச் சரிசெய்யாமல் எந்தப் பூச்சும் நிற்காது.

கேள்வி: பவுடர் கோட்டிங்கா, செராமிக்கா?
– வாசகர், திருச்சி

பதில்: கேட், கிரில்லுக்குப் போடும் சாதாரண பவுடர் 200 டிகிரிக்கு மேல் மஞ்சளாகிக் கருகும். பெண்ட் பைப்புக்கு ஆகாது. செலவு செய்ய முடிந்தால் செராமிக் நல்லது, ஆனால் மணல் வீச்சு இல்லாமல் அதைப் பூசச் சம்மதிக்காதீர்கள். எதைப் பூசினாலும் சைலன்சர் அடியில் உள்ள சிறு துளையை அடைத்துவிடக் கூடாது. எரிபொருள் எரியும்போது உண்டாகும் தண்ணீர் அதன் வழியாகத்தான் வடியும். அடைத்தால் துரு உள்ளிருந்து வெளியே வரும். வெளிப்பூச்சால் அதைத் தடுக்க முடியாது.