தையல் பிரித்த பிறகு: பைக் விபத்தில் பிழைத்தவர்களின் கேள்விகளுக்கு எலும்பு மருத்துவர் பதில்

தொப்பூர் கணவாய் இறக்கத்திலும் சூளகிரி, ஓசூர் பக்கத்து நெடுஞ்சாலையிலும் பைக்கிலிருந்து விழுந்து பிழைத்தவர்களின் வீடுகளிலிருந்து வந்த கேள்விகள் இவை. முதல் கேள்விக்கு நீளமாகவே எழுதுகிறேன். அதே நிலையில் இன்னும் பலர் கட்டிலில் கிடக்கிறார்கள்.

தம்பிக்கு முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்து ராடு வைத்திருக்கிறார்கள். பத்து வாரம் ஆகிறது. காலை ஊன்றலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ராடு வளைந்துவிடும் என்று உறவினர்கள் சொல்வதால் இறங்க மறுக்கிறான். - வாசகி, பாலக்கோடு

எக்ஸ்ரே பார்த்த மருத்துவரே ஊன்றச் சொன்ன பிறகு ஊன்றாமல் இருப்பதுதான் ஆபத்து. ராடு எலும்பை நேராகப் பிடித்துக்கொள்ளும், அவ்வளவுதான். முறிந்த இடத்தைக் கூட்டுவது உடம்பின் வேலை. இந்த எலும்பு கூடப் பொதுவாக நான்கு முதல் ஆறு மாதம் ஆகும். தோலைக் கிழித்து எலும்பு வெளியே வந்திருந்தால் இன்னும் தாமதமாகும். கால் பாரம் தாங்கத் தாங்கத்தான் எலும்பு உறுதிப்படுகிறது. எலும்பு கூடாமலே போனால்தான், மாதக்கணக்கில் தனியே பாரம் சுமந்த ராடு ஒருநாள் முறியும்.

படுத்தே கிடந்தால் தொடைச் சதை கரையும். முழங்கால் இறுகும். பாதம் கீழ்நோக்கித் தொங்கி, குதிகால் தரையில் படாமல் போகும். வலிக்கு இதமாக இருக்கிறதென்று முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்திருந்தால் இன்றே எடுத்துவிடுங்கள். முழங்கால் மடங்கியபடியே நின்றுவிடும். அந்தத் தலையணையைக் குதிகாலுக்கு அடியில் வையுங்கள். கணுக்காலை மேலும் கீழும் அசைப்பதையும், தொடையை இறுக்கித் தளர்த்துவதையும் விழித்திருக்கும் நேரமெல்லாம் மணிக்கு ஒருமுறை செய்யட்டும்.

வாக்கர் பிடித்து நடக்கத் தொடங்கலாம். படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது அடிபட்ட கால் முதலில். கழிப்பறைக்குப் போகப் பயந்தே பலர் எழுவதில்லை, சாப்பாட்டையும் தண்ணீரையும்கூடக் குறைத்துக்கொள்கிறார்கள். நடுவில் ஓட்டை உள்ள பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று வாங்கினால் அந்தப் பயம் போய்விடும். பீடி, சிகரெட் இருந்தால் விடவே வேண்டும். எலும்பு கூடாமல் போவதற்கு அது பெரிய காரணம். கெண்டைச் சதை திடீரென வீங்கி வலித்தாலோ, மூச்சு வாங்கினாலோ உடனே மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள். காலில் உறைந்த இரத்தம் நுரையீரலுக்குப் போயிருக்கலாம்.

மகனுக்கு முழங்கை எலும்பு முறிந்திருக்கிறது. நாட்டுக் கட்டுக்குப் போகலாமா? - வாசகர், பென்னாகரம்

வேண்டாம். விலகாத சிறு முறிவுகள் எந்தக் கட்டிலும் கூடிவிடும், அதனால்தான் நாட்டுக் கட்டுக்கு நல்ல பெயர் இருக்கிறது. மூட்டை ஒட்டிய முறிவு, விலகிய முறிவு, புண்ணுடன் கூடிய முறிவு மூன்றும் அப்படியல்ல. மூங்கில் பட்டையை இறுக்கிக் கட்டினால் உள்ளே வீக்கம் கூடி இரத்த ஓட்டம் தடைப்படும். சில மணி நேரத்தில் சதை செத்துவிடும். விரலை நீட்டினால் தாங்க முடியாத வலி, மரத்துப்போதல் இருந்தால் கட்டை அப்போதே அவிழ்க்க வேண்டும். முழங்கையில் எண்ணெய் விட்டு உருவவும் கூடாது. அடிபட்ட சதைக்குள்ளேயே எலும்பு வளர்ந்து மூட்டு பூட்டிக்கொள்ளும்.

அப்பாவுக்கு 64 வயது. விழுந்த அன்று எடுத்த சி.டி. ஸ்கேனில் ஒன்றும் இல்லை. மூன்று வாரம் கழித்துத் தலைவலி, மறதி, நடையில் தடுமாற்றம். - வாசகர், ஓசூர்

இன்றே மறுபடி ஸ்கேன் எடுங்கள். வயதானவர்களுக்கு மூளையின் மேலுறைக்கு அடியில் இரத்தம் மெல்லக் கசிந்து, வாரங்கள் கழித்தே தொல்லை கொடுக்கும். மதுப்பழக்கம் உள்ளவர்களுக்கும் இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் இது அதிகம். நேரத்தில் கண்டுபிடித்தால் பெரும்பாலும் குணமாக்கிவிடலாம்.

தோள் தரையில் மோதி விழுந்ததில் வலது கை முழுவதும் தொங்கிவிட்டது. ஒரு வருடத்தில் தானாக வரும் என்கிறார்கள். மூன்று மாதம் ஆகிறது. - வாசகர், ஊத்தங்கரை

உங்கள் கடிதம்தான் என்னை மிகவும் கவலைப்படுத்துகிறது. கழுத்திலிருந்து கைக்கு வரும் நரம்புக் கற்றை இழுபட்டோ அறுந்தோ போயிருக்கலாம். பைக் விபத்துகளில் இது அடிக்கடி நடப்பது. லேசாக இழுபட்ட நரம்பு தானே மீளும். அறுந்த நரம்பு மீளாது. நரம்பு அறுவை செய்வதானால் ஆறு மாதத்துக்குள் செய்தால்தான் நல்ல பலன். அதன்பின் சதை நரம்பை ஏற்கும் திறனை இழந்துகொண்டே போகும். ஒரு வருடம் காத்திருக்க உங்களிடம் நேரம் இல்லை. சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் கை அறுவைக்கென்றே தனிப் பிரிவு உண்டு. இந்த வாரமே புறப்படுங்கள். அதுவரை விரல், மணிக்கட்டு, முழங்கை, தோள் எல்லாவற்றையும் இன்னொருவர் மெதுவாக அசைத்துவிட வேண்டும், மூட்டு இறுகாமலிருக்க. உணர்ச்சி இல்லாத கை அடுப்பருகே சுட்டாலும் தெரியாது, கவனம்.

கணவர் உடம்பு தேறிவிட்டார். ஆனால் லாரி சத்தம் கேட்டால் நடுங்குகிறார். தூக்கம் இல்லை. சட்டென்று கோபம் வருகிறது. - வாசகி, காவேரிப்பட்டினம்

அம்மா, அவர் கோழை ஆகிவிடவில்லை. விபத்துக்குப் பிறகு முதல் சில வாரங்கள் இப்படி இருப்பது இயல்பு. ஒரு மாதம் தாண்டியும் நீடித்தால் அதுவும் சிகிச்சை தேவைப்படும் காயம்தான், நன்றாகக் குணமாகக் கூடியது. "ஆம்பளை பயப்படலாமா" என்று யாரும் சொல்லாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். தூங்குவதற்காகக் குடிக்கத் தொடங்கினால் நிலைமை மோசமாகும். 14416 என்ற டெலி மனஸ் எண்ணில், அதாவது அரசின் மனநல உதவி எண்ணில், தமிழிலேயே இலவசமாகப் பேசலாம். தலையில் அடிபட்டிருந்தால் இந்தக் கோபம் மூளைக் காயத்தாலும் வரலாம், மருத்துவரிடம் அதைத் தனியாகச் சொல்லுங்கள். பைக் ஓட்ட அவசரப்படுத்த வேண்டாம். முதலில் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து சாலையைப் பார்த்துப் பழகட்டும்.

ஆட்டுக்கால் சூப் குடித்தால் எலும்பு சீக்கிரம் கூடுமா? - வாசகர், அரூர்

பிடித்தால் குடியுங்கள், சூப்பில் சுண்ணாம்புச் சத்து மிகக் குறைவு. நம் ஊர்க் கேழ்வரகில் 100 கிராமுக்கு 340 மில்லிகிராம் அளவுக்கு இருக்கிறது. களியோடு முட்டை, பருப்பு, கீரை சேருங்கள், காலை வெயிலில் சற்று உட்காருங்கள். தருமபுரி, கிருஷ்ணகிரி ஆழ்துளைக் கிணறுகள் பலவற்றில் ஃபுளோரைடு அதிகம். பல வருடம் அந்தத் தண்ணீர் குடித்தவர்கள் அதை மருத்துவரிடம் சொல்ல வேண்டும், எலும்பு எளிதில் நொறுங்கக் கூடியதாக மாறியிருக்கலாம். ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர் வரும் ஊராக இருந்தால் அதையே குடியுங்கள்.

எதிரே வந்த வேன் மோதியது. இழப்பீட்டுக்கு என்னென்ன வேண்டும்? - வாசகர், மத்தூர்

விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனு செய்ய வேண்டும் என்கிறது சட்டம். எப்.ஐ.ஆர். நகல், காயச்சான்று, டிஸ்சார்ஜ் சம்மரி, மருந்து ரசீதுகள், வருமானத்துக்கான சான்று எல்லாம் ஒரே பையில் இருக்கட்டும். பிசியோதெரபிக்குப் போய்வந்த ஆட்டோ செலவுக்கும் ரசீது வாங்குங்கள். பழைய எக்ஸ்ரே படங்களைத் தூக்கி எறியாதீர்கள். ஊனத்தின் அளவை மருத்துவக் குழு கணிக்கும்போது முதல் நாள் படம் முதல் கடைசிப் படம் வரை கேட்பார்கள்.